அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்: ஒரு கொரியப் படமும் அதைப் பார்த்துப் பிரிந்தவர்களும்

2000ஆம் ஆண்டில் தென் கொரியாவில் எடுக்கப்பட்ட ஒரு 60 நிமிடப் படத்துக்கு இரண்டு பெயர்கள். வெளிநாட்டில் அது போய்ச் சேர்ந்தது ‘டீனேஜ் ஹூக்கர் பிகேம் கில்லிங் மெஷின் இன் தேஹாக்ரோ’ என்ற பெயரில். கொரியப் பெயரைத் தமிழில் சொன்னால் இப்படி வரும் (தேஹாக்ரோவும் தேஹாங்நோவும் ஒரே இடம்தான்): ‘தேஹாங்நோவில் உடலை விற்றுவந்து, துண்டு துண்டாக வெட்டிக் கொல்லப்பட்ட பள்ளி மாணவி இன்னும் தேஹாங்நோவில்தான் இருக்கிறாள்’. ஆங்கிலப் பெயர் சந்தையில் நின்று கூவுகிறது. கொரியப் பெயரோ நாளிதழின் உள்பக்கக் குற்றச் செய்தி மாதிரி தொடங்கி, பேய்க்கதையின் கடைசி வரி மாதிரி முடிகிறது.

இயக்கியவர் நாம் கி-வுங். இந்தப் படத்தைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சண்டைதான். ஒரு தரப்புக்கு இது காசு இல்லாதவன் எடுத்த குப்பை. இன்னொரு தரப்புக்கு இது கைவிடப்பட்ட ஒரு நகரத்தின் கனவு. நடுவில் நிற்பவர்கள் அநேகமாக யாரும் இல்லை. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம்தான். ஆனால் யார் எந்தப் பெயரை நம்பி உள்ளே வந்தார்கள், எந்தச் சினிமாவைப் பார்த்துப் பழகிய கண்ணோடு வந்தார்கள் என்று பார்த்தால், இந்தப் பிளவு ஏன் இவ்வளவு கூர்மையாக விழுந்தது என்பது பிடிபடும் என்று நினைக்கிறேன்.

முதலில் கதை. சியோலின் தேஹாங்நோ பகுதிச் சந்துகளில் இரவில் பாலியல் தொழில் செய்யும் ஒரு பள்ளி மாணவி, தன் ஆசிரியரிடமே மாட்டிக்கொள்கிறாள். அவரால் கர்ப்பமாகிறாள். அவர் ஆள் வைத்து அவளைக் கொன்று, வெட்டிப் போடச் செய்கிறார். ஒரு ரகசியக் கூட்டம் அந்தத் துண்டுகளைத் தையல் இயந்திரத்தில் தைத்து, அவளைக் கொலை செய்யும் எந்திரமாக்கி அனுப்புகிறது. பழைய நினைவு திரும்புகிறது. அவள் ஆசிரியரைத் தேடிப் போகிறாள். அவ்வளவுதான். எதிர்பாராத திருப்பம் எதுவும் கிடையாது.

இந்தக் கதையைக் காதால் கேட்டவர் எதிர்பார்ப்பது ஓட்டம், ரத்தம், பழிவாங்கல். கிடைப்பது வேறு. காட்சிகள் நீள்கின்றன. அகலக் கோண லென்ஸ் முகங்களை இழுத்து வளைத்துக் காட்டுகிறது. தெருவிளக்கின் மஞ்சளும் நியான் விளக்கின் பச்சையும் சுவரெல்லாம் வழிகின்றன. எங்கே சிரிப்பது, எங்கே பயப்படுவது என்று படம் ஒரு ஜாடை கூடக் காட்டுவதில்லை. ரத்தத்துக்காக வந்தவருக்கு ஏமாற்றம். கலைப்படம் என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு, பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் பொம்மை மாதிரி ஒரு எந்திர உடலும் முகம் சுளிக்க வைக்கும் சமாச்சாரங்கள். நானே முதல் தடவை பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். கொரியத் தலைப்பின் பொருள் தெரிந்த பிறகுதான் திரும்ப உட்கார்ந்தேன்.

‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்று உலகம் சொல்லும் வகைக்கு நம்மிடம் சரியான சொல் இல்லை. ‘சுரண்டல் படம்’ என்றால் ஏதோ தொழிற்சங்கப் படம் போல ஒலிக்கிறது. ‘பிட்டுப் படம்’ என்றால் மிகவும் சுருங்கிவிடுகிறது. நட்சத்திரமும் பணமும் இல்லாதவர், அப்போது செய்தித்தாள்கள் பதறிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எடுத்து, சதையும் ரத்தமும் சேர்த்து, போஸ்டரிலேயே முக்கால்வாசி வியாபாரத்தை முடித்துக்கொள்ளும் படம் என்று விரித்துச் சொன்னால்தான் விளங்கும். இதில் ‘செய்தித்தாள்கள் பதறிக்கொண்டிருக்கும் விஷயம்’ என்பது முக்கியம். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதைத்தான்.

1997 இறுதியில் தென் கொரியா பன்னாட்டு நாணய நிதியத்திடம் கையேந்தியது. கொரியர்கள் அந்தக் காலத்தையே ‘ஐ.எம்.எஃப். காலம்’ என்றுதான் இன்றும் சொல்வார்கள். பெரும் நிறுவனங்கள் சரிந்தன. வேலை போன அப்பாக்கள் வீட்டில் சொல்ல முடியாமல் தினமும் சூட் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய் உட்கார்ந்த கதைகள் அப்போது வந்தவை. அதே ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து வந்த ‘வொன்ஜோ க்யோஜே’ என்ற சொல் கொரியச் செய்திகளில் அடிபடத் தொடங்கியது. பணமோ பரிசோ கொடுத்து வயது வந்த ஆண்கள் பள்ளிப் பெண்களோடு வைத்துக்கொள்ளும் ‘தொடர்பு’க்கு வைத்த இடக்கரடக்கல் அது. சொல்லிலேயே ‘உதவி’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறது என்பதுதான் கொடுமை. சிறாரைப் பாலியல் சுரண்டலிலிருந்து காப்பதற்கென்று தனிச் சட்டம் 2000 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, தண்டனை பெற்ற ஆண்களின் பெயர்களை அரசு வெளியிடத் தொடங்கியது. சட்டம் வந்த அதே ஆண்டில்தான் இந்தப் படமும் வந்தது. அதில் கொலைகாரன் இருட்டிலிருந்து வரும் முகமில்லாத ஆள் இல்லை. வகுப்பாசிரியர்.

அடுத்தது இடம். ‘தேஹாங்நோ’ என்றால் பல்கலைக்கழகச் சாலை என்று பொருள். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகம் இங்கே இருந்தது. 1975இல் அது நகரின் தெற்கே குவானக் மலையடிவாரத்துக்கு இடம்பெயர்ந்தது. மாணவர் போராட்டத்துக்குப் பேர்போன வளாகத்தை நகரின் நடுவிலிருந்து மலையடிவாரத்துக்குத் தள்ளியதில் அரசுக்கு ஒரு வசதி இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. வளாகம் காலியான இடத்தில் மரோனியே பூங்கா வந்தது. 1980களில் இப்பகுதியைக் கலைத் தெருவாக வளர்த்தார்கள். சிறு நாடக அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிலவறைகளில் முளைத்தன. பாடகரும் நாடகக்காரருமான கிம் மின்-கி 1991இல் தொடங்கிய ஹக்சோன் அரங்கு அவற்றில் ஒன்று. பல்கலைக்கழகம் இல்லாத பல்கலைக்கழகச் சாலை, நாடகக்காரர்களின் ஊராக மாறியது.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் மிகை நடிப்பும், முகத்தைக் கேமராவுக்கு முன் திருகும் விதமும், செட் போட்ட மாதிரி ஒளிரும் சந்துகளும் வேறு மாதிரித் தெரியும். இயக்குநர் அப்படி நினைத்தாரா என்று எனக்குக் கவலை இல்லை. அந்தத் தெருவில் நாடகம் நடிக்காத சுவர் எது?

இன்னொன்றும் உண்டு. தேஹாங்நோவின் முதுகுப்பக்கம் நக்சான் என்ற குன்று. அதன் மேல் பழைய நகர மதில். குன்றைத் தாண்டி இறங்கினால் சாங்சின்-தோங். தோங்தேமுன் சந்தைக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடங்கள் நெருக்கியடித்து நிற்கும் பகுதி அது. சந்துக்குள் போனால் தையல் இயந்திரத்தின் ஓசையும் துணிமூட்டை ஏற்றிய மோட்டார் சைக்கிளும்தான். அதற்குச் சற்றுத் தள்ளி, சொங்கேசொன் ஓடைக்கரையில் அமைதிச் சந்தை. அங்கே காற்றோட்டம் இல்லாத கூடங்களில் பதின்வயதுப் பெண்கள் பகலும் இரவும் தைத்தார்கள். தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி, துணி வெட்டும் தொழிலாளியான ஜொன் தே-இல் 1970 நவம்பர் 13 அன்று தனக்குத் தீ வைத்துக்கொண்டது அங்கேதான். இப்போது படத்தில், வெட்டப்பட்ட ஒரு பள்ளிப் பெண்ணை எதைக் கொண்டு ஒட்டுகிறார்கள்? ஆய்வகக் கருவி எதுவும் இல்லை, தையல் இயந்திரம்தான். செலவு குறைவு என்பதற்காகவே அதை வைத்திருக்கலாம். ஆனால் கொரிய வளர்ச்சியின் கதையில் அந்த இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று தெரிந்தவருக்கு அந்தக் காட்சி சும்மா கடந்துபோகாது. தெரியாதவருக்கு அது ஒரு மட்டமான ஸ்பெஷல் எஃபெக்ட். இருவரும் பார்த்தது ஒரே காட்சியைத்தான்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. 1999இல் ‘ஷுவிரி’ என்ற கொரியப் படம் சியோலில் மட்டும் 24 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகளை விற்று, அங்கே ‘டைட்டானிக்’கையே முந்தியது. கொரியச் சினிமாவில் பெருநிதி, பெரும் வெடிகுண்டு, பெரும் வசூல் என்ற காலம் அங்கே தொடங்குகிறது. சரியாக அதே நேரத்தில் எதிர்த்திசையிலும் ஒரு கதவு திறந்தது. டிஜிட்டல் வீடியோ கேமரா. நாடாவின் அகலத்தை வைத்து அதைக் கொரியர்கள் ‘6 மில்லி’ என்றே அழைத்தார்கள். ஃபிலிம் சுருள், லேப் கழுவல், பெரிய விளக்குகள் எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று பேர் தெருவில் இறங்கிவிடலாம். 2000இல் முதன்முறையாக நடந்த ஜொன்ஜு திரைப்பட விழா டிஜிட்டல் படங்களுக்கென்றே தனித் திட்டம் வைத்து, மூன்று இயக்குநர்களிடம் குறும்படங்கள் கேட்டு வாங்கியது. இயக்குநர் ர்யூ சுங்-வான் 16 மி.மீ.இல் எடுத்த நான்கு துண்டுகளைக் கோத்து ஒரு முழுப்படமாகத் திரையரங்குக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். ஒரு வழக்கமான டிஜிட்டல் நாடாவின் நீளம் 60 நிமிடம். நாம் கி-வுங்கின் படமும் 60 நிமிடம். தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அந்தக் கேமராவில் இரவில் எடுத்தால் என்ன ஆகும் என்பது அதைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும். திரையில் இருப்பது 480 கோடுகள். சென்சார் சின்னது. வெளிச்சம் போதவில்லை என்றால் கேமரா தானே சமிக்ஞையைப் பெருக்கும். பெருக்கினால் கருப்பெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி ஊர ஆரம்பிக்கும். விளக்கு இருக்கும் இடமோ வெளுத்து வெடித்துவிடும். நடுத்தரம் என்பதே இல்லை. பின்னணி மங்கலாகி முகம் மட்டும் மிதக்கும் சினிமா அழகும் வராது, எல்லாமே ஒரே கூர்மையில் தட்டையாக நிற்கும். இதை மறைக்க முயன்றால் படம் திருமண வீடியோ ஆகிவிடும். நாம் கி-வுங் மறைக்கவில்லை. லென்ஸை மேலும் அகலமாக்கினார், முகத்துக்கு மேலும் நெருங்கினார், நிறத்தை மேலும் ஏற்றினார். குறையை இன்னும் தூக்கலாக்கி அதையே மொழியாக்கிக்கொள்ளும் வேலை இது. படத்தில் என்னை இழுத்துப் பிடித்தது இதுதான். கதையின் பின்பாதியில், எந்திரப் பெண் ஆணையை நிறைவேற்றக் கிளம்பிய பிறகு, இந்த உத்வேகம் தளர்ந்து வேறு ஏதேதோ படங்களின் சாயல் வந்துவிடுகிறது. 60 நிமிடம் கூட நீளம் என்று சொல்பவர்களோடு அந்த இடத்தில் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

இந்தக் கேமரா அழகியல் இன்று இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. 480 கோடுகள் கொண்ட படத்தை அகன்ற 4கே திரையில் போட்டால் அது சேறாகத்தான் தெரியும். ‘பார்க்கவே முடியவில்லை’ என்று சொல்பவரில் பாதிப் பேருடைய புகார் படத்தின் மேல் இல்லை, தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்.

கொரியப் பார்வையாளருக்கு இந்தக் கதை புதிதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1970களில் அங்கே ‘ஹோஸ்டஸ் படங்கள்’ என்று ஒரு பெரும் அலை வீசியது. கிராமத்திலிருந்து சியோலுக்கு வரும் பெண், வீட்டு வேலை, பிறகு வேறு வேலை, பிறகு மதுக்கூடம், பிறகு படுக்கை. 1975இல் வெளிவந்த ‘யோங்-ஜாவின் பொற்காலம்’ படத்தின் நாயகி, வேலைக்காரியாகத் தொடங்கி, பேருந்து நடத்துநராகி, விபத்தில் ஒரு கையை இழந்து, கடைசியில் ஒற்றைக் கையோடு பாலியல் தொழிலுக்குப் போகிறாள். அதிபர் பார்க் சுங்-ஹீயின் கடுமையான தணிக்கைக் காலத்தில் இந்தப் படங்கள் எப்படி ஓடின என்றால், கண்ணீர் இருந்ததால். அரசியலைத் தொடாமல், பெண் சீரழிந்து அழுதால் அனுமதி உண்டு.

அடுத்து வந்த சுன் தூ-ஹ்வான் ஆட்சி கண்ணீரைக்கூடக் கேட்கவில்லை. 1982 ஜனவரி 5 அன்று இரவு ஊரடங்கு நீக்கப்பட்டது. ஒரு மாதத்தில், பிப்ரவரி 6 அன்று, ‘மேடம் ஏமா’ நள்ளிரவுக் காட்சியாக வந்து கூட்டத்தைக் குவித்தது. அரசியலைப் பேசாதே, உடம்பை வேண்டுமானால் காட்டிக்கொள் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அதிலும் ஒரு வேடிக்கை. தலைப்பின் சீன எழுத்துகள் ‘குதிரையை நேசிப்பவள்’ என்று பொருள் தந்தன. அது ஆபாசம் என்று தணிக்கை ஆட்கள் எழுத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றிய எழுத்தின் பொருள் ‘சணலை நேசிப்பவள்’. கஞ்சாச் செடியைக் குறிப்பதும் அதே எழுத்துதான் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த வரிசையின் முடிவில் வைத்துப் பார்த்தால் தேஹாங்நோ படம் செய்வது என்ன என்று தெரியும். யோங்-ஜா ஒரு கையை இழந்தாள். இவள் எல்லா உறுப்பையும் இழக்கிறாள். யோங்-ஜாவுக்காக அரங்கம் அழுதது. இங்கே அழ இடம் கொடுக்கப்படவில்லை. கால் நூற்றாண்டு மெலோடிராமாவை எடுத்து, கண்ணீரை வடிகட்டிவிட்டு, மிச்சத்தை முகத்தில் எறிகிறது படம். இதைக் கிண்டல் என்று கொரியச் சினிமா ஆர்வலர் ஒருவர் எளிதில் பிடித்துக்கொள்வார். ஆனால் 2000களின் தொடக்கத்தில் ‘ஏஷியா எக்ஸ்ட்ரீம்’ என்ற முத்திரையோடு ஜப்பானிய, கொரிய, ஹாங்காங் படங்களை வரிசையாக வாங்கிப் பார்த்த ஐரோப்பிய, அமெரிக்க ரசிகருக்கு யோங்-ஜாவைத் தெரிய வாய்ப்பில்லை. அவர் அளவுகோல் எவ்வளவு ரத்தம், எவ்வளவு துணிச்சல். அந்த அளவுகோலில் இது தேறாத படம்தான்.

தலைப்பில் ‘இன்னும்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, கொரியத்தில் ‘அஜிக்’, அது ஆங்கிலத்தில் காணாமல் போனதுதான் பெரிய நஷ்டம். கொரியாவின் தெற்கே மிர்யாங் என்று ஒரு ஊர். அங்கே ஆற்றோரம் ஆராங் என்ற பெண்ணுக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. ஊர் அதிகாரியின் மகளான அவளைத் தாதியே ஏமாற்றி வெளியே அழைத்துப்போக, ஒருவன் வல்லுறவுக்கு முயன்று, அவள் எதிர்க்க, கொன்று எறிந்துவிட்டான். அதன் பிறகு அந்த ஊருக்கு வரும் ஒவ்வொரு புது அதிகாரியும் முதல் இரவே செத்துப்போனார்கள். அவள் அவர்களைக் கொல்லவில்லை. முறையிடத்தான் வந்தாள். பயத்தில் அவர்களாகவே செத்தார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் பயப்படாமல் உட்கார்ந்து கேட்டார். மறுநாள் அவள் பட்டாம்பூச்சியாக வந்து கொலைகாரனைக் காட்டிக்கொடுத்தாள். அதோடு பேய் போய்விட்டது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இறந்த இரு சகோதரிகளின் கதையும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். கொரியப் பெண் பேயின் இலக்கணம் இது: வழக்கை யாராவது கேட்கும்வரை அவள் இடத்தைவிட்டுப் போகமாட்டாள். 1998இல் வெற்றி பெற்ற பள்ளிக்கூடப் பேய்ப்படம் ஒன்றில், செத்துப்போன மாணவி ஆண்டுக்கணக்காக வகுப்பில் சக மாணவியாகவே உட்கார்ந்திருப்பாள். ஆசிரியர்களுக்கு அது தெரியாது, முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்.

ஆக, ‘இன்னும் தேஹாங்நோவில்தான் இருக்கிறாள்’ என்று கொரியர் ஒருவர் படித்த உடனே தெரிந்துவிடும்: இது பேய்க்கதை, வழக்கு முடியவில்லை. ஆனால் இந்தப் படத்தில் முறையீடு கேட்க அதிகாரி எவரும் வருவதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருந்த ஆசிரியரே குற்றவாளி. எனவே பேய்க்கு வேறு வேலை கொடுக்கப்படுகிறது. யாரோ அவளைத் தைத்து, யாரையோ கொல்ல அனுப்புகிறார்கள். செத்த பிறகும் பிறருக்காக உழைக்க வேண்டும்! ஐ.எம்.எஃப். காலத்துப் பேய் என்று இவளைச் சொல்லலாம். ஆங்கிலத் தலைப்பு இவளை ‘கில்லிங் மெஷின்’ ஆக்கியபோது, பேயைத் துரத்திவிட்டு எந்திரத்தை மட்டும் விற்றது.

இதெல்லாம் சொல்லியும், படத்தை வெறுப்பவர்களின் ஒரு வாதம் அப்படியே நிற்கிறது. அதை நான் தள்ளப்போவதில்லை. பள்ளிப் பெண்ணை ஆண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று குற்றம்சாட்டும் படம், தன் கேமராவால் அவளை எப்படிப் பார்க்கிறது? சீருடையை அது காட்டும் விதத்தில், நெருக்கத்தில், போஸ்டரில், அதே பார்வையைத்தானே அதுவும் காசாக்குகிறது? ‘அது கிண்டல், மிகைப்படுத்தித்தான் காட்ட வேண்டும்’ என்ற பதில் எனக்குப் போதவில்லை. கிண்டலுக்கும் அதே உடல்தான் மூலதனம். இந்த வகைப் படங்களில் பெண் கடைசியில் பழிவாங்கிவிடுகிறாள் என்பதால் முதல் பாதிக்கு மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. அந்தக் கணக்கு எப்போதும் தயாரிப்பாளருக்கு வசதியாகவே இருக்கும். பேய்க்கதையாகப் படத்தை ரசிக்கும் எனக்கே, தொடக்கக் காட்சிகளை யாருக்காவது போட்டுக்காட்டத் தயக்கம் இருக்கிறது.

இதே காலத்தில் பார்வையாளரைப் பிரித்த இன்னொருவர் இயக்குநர் கிம் கி-தக். தேஹாங்நோ படம் வந்த அதே 2000இல் அவருடைய ‘தீவு’ வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் காட்டப்பட்டது. தூண்டில் முள் காட்சிகளைத் தாங்க முடியாமல் சிலர் எழுந்து போனது அப்போது பெரிய செய்தி. பிரிட்டனில் விலங்குகளை வதைக்கும் காட்சிகளை வெட்டிய பிறகே அனுமதித்தார்கள். அங்கே விலங்குவதைக் காட்சிகளுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டமே ஒன்று உண்டு. 2013இல் வசனமே இல்லாத ‘மோபியஸ்’ எடுத்தார். கொரியத் தணிக்கைக் குழு அதற்கு இரண்டு முறை ‘கட்டுப்படுத்தப்பட்ட காட்சி’ என்ற தரத்தைக் கொடுத்தது. கேட்க மிதமாக இருக்கும் இந்தத் தரம் நடைமுறையில் தடைதான். இத்தகைய படங்களைத் தனி அரங்குகளில் மட்டுமே ஓட்டலாம், அத்தகைய அரங்கோ நாட்டில் இல்லை.

கிம் அப்போது ஒரு விசித்திரமான காரியம் செய்தார். பத்திரிகையாளர், விமர்சகர், திரைத்துறையினரைக் கூட்டிப் படத்தைப் போட்டு, வெளியிடலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் எதிர்த்தால் விட்டுவிடுவேன் என்றார். வாக்களித்த 107 பேரில் 93 பேர் வெளியிடலாம் என்றார்கள். கடைசியில் சில நிமிடக் காட்சிகளை வெட்டித்தான் படம் வெளிவந்தது. பார்வையாளர் கருத்து வேறுபாட்டை இப்படி எண்ணிக் கணக்கெடுத்த சம்பவம் வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அந்த 107 பேரும் பதில் சொன்ன கேள்வி, திரையில் இருப்பதைப் பற்றியது. படப்பிடிப்பில் நடந்ததைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ‘மோபியஸ்’ படத்தில் முதலில் நடித்து விலகிய நடிகை ஒருவர், படப்பிடிப்பில் இயக்குநர் தன்னை அறைந்ததாகவும் திரைக்கதையில் இல்லாததைச் செய்யச் சொன்னதாகவும் 2017இல் புகார் கொடுத்தார். அறைந்ததற்காக கிம்முக்கு 50 லட்சம் வொன் அபராதம் விதிக்கப்பட்டது. மற்ற குற்றச்சாட்டுகள் போதிய ஆதாரம் இல்லை என்று கைவிடப்பட்டன. 2018 மார்ச்சில் எம்.பி.சி. தொலைக்காட்சியில் மேலும் நடிகைகள் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளோடு பேசினார்கள். அவர் மறுத்தார், வழக்குத் தொடுத்தார், தோற்றார். 2020 டிசம்பரில் லாத்வியாவில் கொரோனாவால் இறந்தார். அவரைப் பத்து ஆண்டுகள் ‘துணிச்சல்’ என்று கொண்டாடியவர்கள் பலர், அந்தத் துணிச்சலின் செலவை யார் கட்டினார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. நாம் கி-வுங் மேல் அப்படி ஒரு பழியும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் இருவரையும் ஒன்றாகக் கட்ட நான் வரவில்லை. ஆனால் சின்னக் குழு, சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, இரவெல்லாம் வேலை, எதிர்த்துக் கேட்க அமைப்பு இல்லை என்ற நிலை குறைந்த பட்ஜெட் சினிமாவுக்கே பொதுவானது. நாம் ‘கட்டற்ற சுதந்திரம்’ என்று புகழும் அதே நிலை. இன்றைய இளம் பார்வையாளர்கள் இத்தகைய படங்களிடம் முதலில் கேட்பது ‘எப்படி எடுத்தீர்கள்’ என்பதைத்தான். பழைய ரசிகர்கள் இதை ஒழுக்கப் போலீஸ் வேலை என்று எரிச்சல்படுகிறார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

இப்படிப்பட்ட படங்கள் எடுக்க முடிந்ததற்கு நீதிமன்றமும் ஒரு காரணம். 1996 அக்டோபரில் கொரிய அரசமைப்பு நீதிமன்றம், திரைப்படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கல்லூரி வளாகங்களிலும் சிறு அரங்குகளிலும் அனுமதி இல்லாமல் படம் காட்டி வழக்கில் மாட்டிய ஒரு சுயாதீனத் திரைக்குழுவின் போராட்டத்திலிருந்து வந்த தீர்ப்பு அது. அதற்குப் பிறகும் ‘தரம் தராமல் நிறுத்திவைப்பது’ என்ற சந்து இருந்தது. 2001 ஆகஸ்டில் அதுவும் செல்லாது என்றானது. அந்த வழக்குக்குக் காரணமானதும் குறைந்த செலவில் எடுத்த ஒரு சோதனைப் படமே. அந்தச் சந்து அடைபட்டதும் வந்ததுதான் ‘கட்டுப்படுத்தப்பட்ட காட்சி’. அதன் வரையறை தெளிவாக இல்லை என்று 2008இல் நீதிமன்றம் அதையும் கடிந்துகொண்டது. சொற்களைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். அரங்கு மட்டும் இல்லாமலே இருந்தது. ஆக இந்த வகைப் படங்கள் விழாக்களிலும் டிவிடியிலும் வெளிநாட்டிலும்தான் வாழ்ந்தன. கொரியத் தலைப்பு யாரை நோக்கிப் பேசியதோ அவர்கள்தான் அதைக் குறைவாகப் பார்த்தவர்கள்.

நாம் கி-வுங் 2002இல் எடுத்த அடுத்த படத்தின் கொரியப் பெயர் ‘உரொங் காக்சி’, அதாவது நத்தை மணமகள். ஏழை உழவன் ஒருவன் வயலில் கிடைத்த நத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து பானைத் தண்ணீரில் போட்டுவைக்கிறான். அவன் இல்லாத நேரத்தில் அதிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து சமைத்து வைத்துவிட்டு மறைந்துவிடுகிறாள். கொரியக் குழந்தைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. ஆங்கிலத்தில் படத்துக்கு வைத்த பெயர் ‘சோவ் யுன்-ஃபாட் பாய் மீட்ஸ் பிரௌனி கேர்ள்’. முதல் படத்துக்குக் கிடைத்த வசைகூட அதற்குக் கிடைக்கவில்லை.